சட்டியில் இருந்தால் மட்டும் போதுமா?



'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சட்டியில் இருப்பதெல்லாம் அகப்பைக்கு வந்துவிடுகிறதா? அகப்பையில் வந்ததெல்லாம் எல்லோர் இலைக்கும் போய்ச் சேருகிறதா? ஒரு வீட்டில் இது சாதாரணக் கேள்வி. 140 கோடிப் பேர் வாழ்கிற ஒரு நாட்டுக்கு இதுதான் தலையாய கேள்வி.

ஆண்டு மலருக்கு 'நாட்டின் உணவுப் பாதுகாப்பு' பற்றி எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நெல்லு, கோதுமையில என்னடா வேலை? அதெல்லாம் அக்ரி காலேஜ் சமாச்சாரம்" என்றார்கள். அவர்களுக்கான பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததைக் காப்பதும், கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி முழுக்க முழுக்க நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களின் கையில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம் வாங்க.

நான்கு கால்கள்

'உணவுப் பாதுகாப்பு' என்றதும் ஹோட்டலில் கெட்டுப்போன இறைச்சியைப் பிடித்து அழிக்கும் அதிகாரிகள் நினைவுக்கு வரலாம். அது வேறு. நாம் இங்கே பேசுவது, நாட்டில் எல்லா மனிதருக்கும், எல்லா நாளும், போதுமான, சத்தான உணவு கிடைக்கும் என்கிற உறுதியைப் பற்றி. 1996-ல் ரோம் நகரில் நடந்த உலக உணவு உச்சி மாநாடு இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. அதை வைத்து வல்லுநர்கள் நான்கு அம்சங்களைச் சொல்கிறார்கள்.

ஒன்று, நாட்டில் உணவு இருக்க வேண்டும். இரண்டு, அதை வாங்கும் சக்தி ஏழைக்கும் இருக்க வேண்டும். மூன்று, சாப்பிட்டது உடம்பில் ஒட்ட வேண்டும். அதாவது சத்தும், சுத்தமான தண்ணீரும், சுகாதாரமும் வேண்டும். நான்கு, இந்த மூன்றும் ஒரு வருஷம் இருந்து அடுத்த வருஷம் இல்லாமல் போய்விடக் கூடாது.

நாற்காலிக்கு நான்கு கால். மூன்று கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஒன்று கட்டையாக இருந்தால் உட்கார்ந்தவன் விழுவான். நம் நாட்டில் எந்தக் காலை எப்போது சரி செய்தார்கள், எந்தக் கால் இன்னும் ஆடுகிறது என்பதுதான் கதை.

கப்பலை எதிர்பார்த்த காலம்

நம் தாத்தா, பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். 1960-களில் அரிசிக்கு அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 1964-65-ல் நாட்டின் உணவு தானிய உற்பத்தி 8.94 கோடி டன். அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. உற்பத்தி 7.23 கோடி டன்னாகச் சரிந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது! அதற்கு அடுத்த ஆண்டும் வறட்சி.

என்ன செய்வது? அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்கிற சட்டத்தின் கீழ் கோதுமை வந்தது. 1966-ல் மட்டும் நாம் இறக்குமதி செய்த தானியம் ஒரு கோடி டன்னுக்கும் மேல். துறைமுகத்தில் கப்பல் இறக்குகிற கோதுமை நேராக ரேஷன் கடைக்குப் போனது. கையிருப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 'கப்பலிலிருந்து வாய்க்கு' என்று அப்போது நம் நாட்டைப் பற்றிச் சொன்னார்கள். போதாததற்கு அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை மொத்தமாகத் தராமல், கயிற்றை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா சொன்ன கருத்து அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அடுத்தவன் கையில் நம் சோறு இருந்தால் நம் வாயும் அவன் கையில்தான்!

பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1965-ல் வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, சாப்பாட்டை விடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். நம் தமிழ்நாட்டில் 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற முழக்கம் ஆட்சியையே மாற்ற உதவியது. அரிசி இல்லை என்றால் அரசாங்கமும் இல்லை என்று அன்றைக்கே நம் மக்கள் காட்டிவிட்டார்கள்.

சேர்த்துப் போட்ட திட்டம்

இந்த இக்கட்டிலிருந்து நாடு எப்படி மீண்டது? 'பசுமைப் புரட்சி' என்று ஒரே வார்த்தையில் பரீட்சைக்கு எழுதிவிடுகிறோம். விதைதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். விதை ஒரு காரணம், அவ்வளவுதான். அப்போது உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். விஞ்ஞானிகளில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். இருவருக்கும் பின்னாளில் பாரத ரத்னா விருது கிடைத்தது. முன்னவருக்கு 1998-ல், பின்னவருக்கு அவர் மறைந்த பிறகு 2024-ல்.

அந்தக் காலத்தில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நான்கு வேலைகள் நடந்தன.

விதை: 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை இறக்குமதி ஆனது. பழைய ரகங்கள் உரம் போட்டால் நெட்டையாக வளர்ந்து, கதிர்க் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. நெல்லில் ஐ.ஆர். 8 வந்தது. நம் பக்கத்தில் ஆடுதுறை 27 பரவியது.

தண்ணீரும் உரமும்: நல்ல விதை பட்டினி கிடந்தால் விளையாது. பாசனம் உள்ள மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் 1960-லேயே தொடங்கியிருந்தது. அதில் தஞ்சாவூரும் ஒன்று.

விலை: அமோகமாக விளைந்தால் விலை படுத்துவிடும். அடுத்த வருஷம் விவசாயி ஏன் பயிரிடப் போகிறான்? அதற்காக 1965-ல் விவசாய விலைகள் கமிஷன் அமைந்தது. விதைப்பதற்கு முன்பே குறைந்தபட்ச ஆதார விலை அறிவிக்கும் வழக்கம் வந்தது.

கொள்முதலும் சேமிப்பும்: சொன்ன விலைக்கு வாங்க ஆள் வேண்டுமே! 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி, அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட ஊர் தஞ்சாவூர். பொங்கல் நாளில், நெற்களஞ்சியத்தில்!

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1966-67-ல் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை, அடுத்த ஆண்டே 1.65 கோடி டன் ஆனது. 1950-51-ல் மொத்த உணவு தானியம் சுமார் 5 கோடி டன். 2023-24-ல் 33 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஜனத்தொகை சுமார் நான்கு மடங்கானபோது தானியம் ஆறு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. விதை, தண்ணீர், விலை, கிடங்கு ஆகிய நான்கையும் சேர்த்துப் போட்டதால் வந்த பலன் இது. ஒன்றை மட்டும் செய்திருந்தால் வந்திருக்காது.

தொட்டிக் கணக்கு

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஒரு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறுவது காலை இரண்டு மணி நேரம். செலவாவது நாள் முழுக்க. அப்போது தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சிவில் நண்பர்கள் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நாட்டின் தானியக் கையிருப்பும் இதே கணக்குதான். கோதுமை கொள்முதல் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. புது நெல்வரத்து அக்டோபரில் சூடு பிடிக்கும். சாப்பாடோ 365 நாளும். அதனால் ஒவ்வொரு காலாண்டுக்கும் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். 2015-ல் திருத்திய விதிப்படி ஜூலை 1 அன்று 411 லட்சம் டன், அக்டோபர் 1 அன்று 308 லட்சம் டன், ஜனவரி 1 அன்று 214 லட்சம் டன், ஏப்ரல் 1 அன்று 210 லட்சம் டன். இதற்குள்ளேயே 30 லட்சம் டன் கோதுமையும் 20 லட்சம் டன் அரிசியும் 'ஆபத்துக்கு' என்று தனியாக ஒதுக்கியது. வீட்டில் அம்மா அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைக்கிற காசு மாதிரி.

தொட்டி நிரம்பினால் மட்டும் போதாது. குழாய் வேலை செய்ய வேண்டும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-ன் கீழ் சுமார் 81 கோடிப் பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று வைத்துக்கொள்வோம். பரம ஏழைக் குடும்பங்களுக்கு, ஆள் கணக்கு இல்லாமல், குடும்பத்துக்கு 35 கிலோ. அதைத் தனியாக விட்டுவிட்டுச் சுமாராகப் பார்ப்போம்:

81 கோடி × 5 கிலோ = 405 கோடி கிலோ, அதாவது மாதம் 40.5 லட்சம் டன்.

ஒரு முழு சரக்கு ரயில் ஏற்றுவது சுமார் 2,600 டன். 50 கிலோ மூட்டையாக 52,000 மூட்டை. எல்லாமே ரயிலில்தான் போகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் மாதம் 1,550-க்கும் மேற்பட்ட ரயில்கள். நாளைக்கு 50-க்கு மேல். ஒவ்வொரு மூட்டையும் லாரியில் ஏறி, இறங்கி, கிடங்கில் அடுக்கி, மறுபடி ஏறி, ரயிலில் போய், மறுபடி இறங்கி... ஒவ்வொரு இடத்திலும் ஒரு லோடுமேனின் தோளில் ஏறி இறங்குகிறது. கொக்கி குத்தினால் சாக்கு கிழியும். கிழிந்த சாக்கு சிந்தும். இதுதான் அகப்பைக்கும் சட்டிக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

இருந்தும் பட்டினி

தொட்டி நிறைந்திருந்தும் குழாய் வறண்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். முப்பது லட்சம் வரை என்பது ஒரு கணக்கு. பொருளாதார மேதை அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயத்தைக் காட்டினார். 1943-ல் வங்காளத்தில் இருந்த அரிசி, பஞ்சமே இல்லாத 1941-ஐ விட அதிகம். போர்க்கால விலையேற்றத்தில் கூலிக்காரனாலும் மீனவனாலும் அதை வாங்க முடியவில்லை என்பதே அவர் வாதம்.

அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிட முடியாது. 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். அதே நேரத்தில் உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் வழிந்தது. 2002-ல் கையிருப்பு 6 கோடி டன்னைத் தாண்டியது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில்தான் 2001 நவம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவு வந்தது. அந்த வழக்கு நடந்த பாதையின் முடிவில் வந்ததுதான் 2013 சட்டம் என்று சொல்லலாம்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1956-ல் காமராசர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. பச்சை அட்டை, வெள்ளை அட்டை என்று பிரிக்காமல் விரும்புகிற எல்லோருக்கும் ரேஷன் அரிசி தரும் முறையும் நம்மிடம் இருந்தது. 1990-களில் மற்ற மாநிலங்களில் ஏழை யார், ஏழை அல்லாதவர் யார் என்று பிரித்தபோது நிஜமான ஏழைகள் பலரே பட்டியலில் விடுபட்டுப் போனார்கள். நாம் அப்படிப் பிரிக்கவில்லை.

இங்கே ஒரு சர்ச்சை எழும். "இலவச அரிசியாலதான் வேலைக்கு ஆள் வர மாட்டேங்குது" என்று டீக்கடையில் பேசுவதை எல்லோரும் கேட்டிருப்போம். நம் வகுப்பறையிலும் அது உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு காரணம் மனிதாபிமானம். அதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணம் தொட்டிக் கணக்கு. ஆபத்துக்கென்று வைத்த தானியத்தைப் பத்து வருஷம் பூட்டி வைக்க முடியாது. பழசை வெளியே விட்டு, புதுசை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே விடுகிற குழாய்தான் ரேஷன் கடை. அதை அடைத்தால் கிடங்கில் புழுக்கும். கிடங்கு காலியாகாவிட்டால் அடுத்த போகத்துக்குக் கொள்முதல் நிற்கும். கொள்முதல் நின்றால் விவசாயி படுத்துவிடுவான். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது? அந்த ஏப்ரலில் மத்திய தொகுப்பில் 5 கோடி டன்னுக்கும் மேல் அரிசியும் கோதுமையும் இருந்தது. ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதலாகக் கொடுக்க முடிந்தது. தொட்டியும் இருந்தது, குழாயும் இருந்தது. 1966-ல் அப்படி ஒரு தொட்டி இல்லை.

களத்து மேட்டுக் கணக்கு

இப்போது ஆடுகிற காலைப் பார்ப்போம். நாடு தழுவிய அறுவடைக்குப் பிந்தைய இழப்பு ஆய்வு ஒன்றை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் நிறுவனம் 2015-ல் வெளியிட்டது. தானியங்களில் அறுவடை, கதிரடித்தல், காயவைத்தல், கிடங்கு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 4.65 முதல் 5.99 சதவீதம் வரை வீணாகிறது என்றது. 'அஞ்சு பர்சென்ட்தானே' என்று தோன்றும். நெல், கோதுமை போன்ற தானியங்களின் உற்பத்தி 30 கோடி டன். அதில் 5 சதவீதம் ஒன்றரைக் கோடி டன். 1966-ல் அமெரிக்காவிடம் கையேந்தி வாங்கியதை விட இது அதிகம்! அன்றைக்கு எதற்காக மானத்தை அடகு வைத்தோமோ, அதை இன்றைக்கு வருஷா வருஷம் சிந்திக்கொண்டிருக்கிறோம்.

எங்கே சிந்துகிறது? டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்து வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. சென்ற ஐப்பசியில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தேன். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு பாதியில் பஸ் போனது. மேகம் கறுத்ததும் எல்லோரும் தார்ப்பாயோடு ஓடினார்கள். ஈரப்பதம் பார்க்கிற மிஷின் இருபது காட்டியது. பட்டியல் எழுத்தர் கையை விரித்தார். ஒரு பெரியவர் என்னிடம், "மழைக்குத் தெரியுமா தம்பி, பதினேழு பர்சென்ட்டு?" என்றார். நாலு நாளாக அங்கேயே படுத்திருக்கிறாராம். எழுத்தர் மேலும் தப்பில்லை. விதி விதிதான்.

அந்த விதிக்கும் காரணம் உண்டு. நெல் உயிருள்ளது. மூட்டைக்குள்ளும் மூச்சு விடுகிறது. மூச்சு விட்டால் வெப்பமும் நீரும் வெளியாகும். ஈரம் 14 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த மூச்சு மெதுவாக நடக்கும். ஈரம் ஏற ஏற மூச்சு வேகமாகும். மூட்டைக்குள் சூடு ஏறும். கை விட்டுப் பார்த்தால் சுடும். பூஞ்சணம் பிடிக்கும், வண்டு பெருகும், நெல் முளைவிடும், அரிசி பழுப்பாகும். ஆக விதியைத் தளர்த்துவது தற்காலிக நிவாரணம். நெல்லைக் காயவைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

காயவைக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும்? தெர்மல் பாடத்தில் படித்ததை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

20 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லில் 800 கிலோ உலர்ந்த பொருள், 200 கிலோ தண்ணீர். 14 சதவீதத்துக்கு வந்தால் மொத்த எடை 800 ÷ 0.86, அதாவது 930 கிலோ. வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 70 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,400 கிலோ ஜூல். 70 கிலோவுக்கு 1,68,000 கிலோ ஜூல். உலையும் உலர்த்தியும் சேர்ந்து 40 சதவீதத் திறன் என்று குறைத்தே வைப்போம். அப்போது 4,20,000 கிலோ ஜூல் வேண்டும். ஒரு கிலோ உமி எரிந்தால் சுமார் 13,000 கிலோ ஜூல். ஆக, தேவைப்படும் உமி 32 கிலோ சொச்சம்.

ஒரு டன் நெல்லை அரைத்தால் கிடைக்கிற உமி எவ்வளவு தெரியுமா? சுமார் 200 கிலோ! நெல் தன்னைக் காயவைக்கத் தேவையான விறகைத் தானே சட்டையாகப் போட்டுக்கொண்டு வருகிறது. நமக்குத் தேவை உலர்த்தியும், காற்றடிக்கும் விசிறிக்குக் கொஞ்சம் மின்சாரமும்தான். ஒரு எச்சரிக்கை. அவசரப்பட்டு அதிகச் சூட்டில் காயவைத்தால் அரிசி உள்ளுக்குள் வெடிக்கும். ஆலையில் போட்டால் நொய்யாகும். மிதமான சூட்டில் கொஞ்சம் காயவைத்து, ஆறவிட்டு, மறுபடி காயவைக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி பெற்ற ஆள் தேவை.

காய்ந்தாயிற்று. வைக்க இடம்? கிடங்கு நிரம்பினால் மிச்சம் திறந்தவெளிக்குப் போகிறது. மேடை கட்டி, மரச்சட்டம் போட்டு, மூட்டைகளை அட்டி அடுக்கி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் போர்வை மூடுகிறார்கள். முறைப்படி செய்தால் சில மாதம் தாங்கும். போர்வையில் ஒரு கிழிசல் இருந்தால் போச்சு. நம் முன்னோர்கள் மண் குதிரிலும் மரப் பத்தாயத்திலும், விதை நெல்லை வைக்கோல் கோட்டையிலும் பத்திரப்படுத்தினார்கள். தத்துவம் ஒன்றுதான்: ஈரம் படக்கூடாது, எலி ஏறக்கூடாது, காற்று தேவைக்கு மேல் போகக்கூடாது. அதையே எஃகில் செய்தால் இன்றைய சைலோ. பஞ்சாபில் மோகா, ஹரியானாவில் கைதல் ஆகிய இடங்களில் 2007 முதல் தலா 2 லட்சம் டன் கோதுமை கொள்ளும் சைலோக்கள் இயங்குகின்றன. அங்கிருந்து சாக்கே இல்லாமல், தனி வேகன்களில், சென்னைக்கும் கோவைக்கும் கோதுமை வருகிறது.

நாளைக்கு என்ன?

நீண்ட காலத் திட்டம் என்றால் இருபது, முப்பது வருஷம் தள்ளிப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று கவலைகள் உண்டு.

முதல் கவலை தண்ணீர். ஒரு கிலோ நெல் விளைய, வயலில் விடுகிற தண்ணீர் சுமார் 2,500 லிட்டர். பஞ்சாப் மக்கள் அதிகம் சாப்பிடுவது சப்பாத்திதான். ஆனால் உறுதியான கொள்முதல் இருப்பதால் நெல் போடுகிறார்கள். ஆண்டுதோறும் நிலத்தில் ஊறுவதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் நிலத்தடி நீரை அங்கே எடுக்கிறார்கள். கோடை வெயிலில் நடவு செய்தால் தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று 2009-ல் ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது எனச் சட்டமே போட்டார்கள். 1965-ல் நம்மைக் காப்பாற்றிய அதே ஆதார விலைக் கொள்முதல், இன்று அங்கே போர்வெல்லை ஆழமாக்குகிறது. ஒரு தலைமுறைக்குச் சரியாக இருந்த திட்டத்தை அடுத்த தலைமுறையில் திருத்த வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அரிசி, கோதுமை தவிர மற்றவை. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் பருப்புக்கும் கையிருப்பு வைக்கத் தொடங்கினார்கள். வெறும் சோறு வயிற்றை நிரப்பும், ரத்தசோகையைப் போக்காது. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023-ல் ரேஷனில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது நல்ல தொடக்கம். கேழ்வரகுக்குத் தண்ணீரும் குறைவு, சத்தும் அதிகம்.

மூன்றாவது, வானிலை. 2022 மார்ச்சில் வடக்கே அடித்த அனலில் கோதுமை மணி சுருங்கியது. உக்ரைன் போரால் வெளிச்சந்தையில் விலையும் ஏறியது. முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் கொள்முதல் செய்த இடத்தில் 188 லட்சம் டன்தான் கிடைத்தது. மே மாதம் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். கோதுமை குறைந்த இடங்களில் அரிசியைக் கூட்டிக் கொடுத்துச் சமாளித்தார்கள். கையிருப்பு இருந்ததால் பஞ்சம் வரவில்லை. ஆனால் இது ஒரு எச்சரிக்கை மணி.

நமக்கு என்ன வேலை?

இப்போது விடுதி நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன்.

சிவில் நண்பர்களே, ஈரம் ஏறாத தரை, ஒழுகாத கூரை, லாரித் தட்டு உயரத்துக்கு மேடை, தண்ணீர் தேங்காத களம் எல்லாம் உங்கள் பாடம். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் கூரையுள்ள ஒரு சிமெண்ட் களம் இருந்தால், அந்தப் பெரியவர் நாலு நாள் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கல் நண்பர்களே, ஊருக்கு ஊர் கொண்டுபோகக்கூடிய, உமியில் எரிகிற சின்ன உலர்த்தி ஒன்றை நம் புராஜெக்டாக ஏன் எடுக்கக் கூடாது? எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு மோட்டாரும் சூரிய மின்சாரமும். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குக் கிடங்கு அட்டிக்குள் வெப்பமும் ஈரமும் அளந்து, ஏறினால் மணியடிக்கிற கருவி. கம்ப்யூட்டர் நண்பர்களுக்கு, எந்தக் கிடங்கில் எது பழசு, எதை முதலில் அனுப்ப வேண்டும் என்கிற கணக்கு. ரேஷன் கடையில் பாட்டியின் விரல் ரேகை விழாதபோது அவரைத் திருப்பி அனுப்பாத மென்பொருளும் உங்கள் பொறுப்புதான்.

வண்டுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துக் கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடி வைப்பார்கள். அதிலிருந்து வருகிற பாஸ்பீன் வாயு மனிதனையும் கொல்லும். உறை சரியாக மூடியிருக்கிறதா, திறந்த பின் காற்றோட்டம் கொடுத்தார்களா என்று பார்க்கிற பயிற்சி பெற்ற கண்கள் அங்கேயும் தேவை. அந்தக் கண்களும் நம்முடையவையாக இருக்கலாம்.

நம்மில் பலருக்கு வெளிநாட்டு வேலையும் பெரிய கம்பெனி வேலையும் கனவாக இருக்கும். தப்பில்லை. ஆனால் 5 சதவீத இழப்பை 4 ஆக்கினால் வருஷத்துக்கு 30 லட்சம் டன் மிச்சம். ஒரு சென்ட் நிலம் கூட்டாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டாமல், ஒரு பிடி உரம் கூட்டாமல் கிடைக்கிற விளைச்சல் அது. அதை விளைவிப்பவன் உழவன் அல்ல, டெக்னீஷியன்!

சட்டியில் நிறைய வைத்துவிட்டார்கள் நம் முந்தைய தலைமுறையினர். ஓட்டை இல்லாத அகப்பை செய்வது நம் தலைமுறையின் வேலை. இந்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தையோ, கிடங்கையோ, ரேஷன் கடையையோ ஒரு தடவை போய்ப் பாருங்கள். எங்கே சிந்துகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த பருவத்துக்குப் புராஜெக்ட் தலைப்பு தேடி அலைய வேண்டியிருக்காது.



— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை